மாமா மனிதர்தானா?

நீச்சல் குளத்தின் இணையதளம் என் கைவேலை. குழந்தைகள் வகுப்புக்கு இருபதே இடம். போன இரண்டு முறையும் பதிவு தொடங்கிய அரை நிமிடத்தில், யாரோ ஏவிவிட்ட கம்ப்யூட்டர் நிரல்கள் அத்தனையையும் வாரிச் சுருட்டிவிட்டன. இடம் கிடைக்காத அக்கா மகள் நீச்சலுடையோடு கட்டிலில் குப்புறப் படுத்துக் கைகால் அடித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

பதிவுக்கு முன்னால் ஒரு புதிர் வைத்தேன். படத்தில் ஒரு பள்ளம், ஓரத்தில் ஒரு துண்டு. துண்டை மவுஸால் இழுத்துப் பள்ளத்தில் பொருத்த வேண்டும். இதில் என் சொந்தச் சரக்கும் உண்டு. மனிதக் கை கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வரும். கோடு போட்ட மாதிரி ஒரே இழுப்பில் வந்து உட்கார்ந்தால் அது இயந்திரம், வெளியே தள்ளு. மூன்று முறை தவறினால் அன்றைக்குக் கதவடைப்பு. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. அக்கா வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். மாமாவுக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை, இருபது வருட அனுபவம். துண்டை இழுத்தார், வைத்தார். மயிரிழை பிசகவில்லை.

'நீங்கள் மனிதர் இல்லை' என்றது திரை.

"கல்யாணமான நாள்லேருந்து நானும் அதைத்தான் சொல்றேன்" என்றாள் அக்கா.

இரண்டாவது முறையும் அதே கச்சிதம், அதே பதில். மூன்று இடம்தான் மீதி. எனக்கு வெட்கமாகிவிட்டது. நல்ல வேலைக்காரரை வெளியே தள்ளும் விதியை எழுதியவன் நான்தானே.

"நகருங்க, நான் பாக்குறேன்" என்றாள் அக்கா.

"டைல்ஸ்காரன் ஒரு துண்டு பொருத்தத் தெரியாம எந்திரிச்சான்னு பேர் வரவா?"

"மாமா, கொஞ்சம் கோணலா வைங்க" என்றேன்.

"கோணலா வெக்க வேற ஆளைப் பாரு, மாப்ள."

மூன்றாவது முறை துண்டைப் பிடித்தார். பக்கத்தில் நின்ற மகள் அவர் விலாவில் விரல் வைத்துக் கிச்சுக்கிச்சு மூட்டினாள். மாமா நெளிந்தார். துண்டு பள்ளத்தைத் தாண்டி ஓடியது, திரும்பியது, தள்ளாடி உட்கார்ந்தது.

'நீங்கள் மனிதர்தான். இடம் பத்தொன்பது உங்களுக்கு. உறுதிசெய்ய இங்கே தட்டவும்.'

குழந்தை குதித்த குதியில் மேசை ஆடியது. மாமா மட்டும் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நூல் இடைவெளி நிக்குதே, மாப்ள. எடுத்துட்டு மறுபடி வெச்சிடுறேன்" என்று மவுஸைத் தொட்டார்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவர் கையைப் பிடித்தோம்.