பதில் சொல்லாத கணினி

கண்ணாடித் தடுப்பைப் படபடவென்று தட்டிய சத்தத்தில், பில் போட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். முதலாளி உள்ளேயிருந்து தட்டியது அவர்களுக்காக அல்ல. கருவிப் பையுடன் வாசலில் நுழைந்த நெட்வொர்க் அக்காவுக்காக.

அந்தப் பார்சல் கம்பெனியில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதலாளி தன் மேஜையிலிருந்தே எல்லாருடைய கணினித் திரையையும் பார்ப்பார். நேற்றிலிருந்து மூலை மேஜைப் பெண்ணின் திரை மட்டும் அவருக்கு இருட்டாகத் தெரிகிறதாம். இன்றைக்கே சரிசெய்தாக வேண்டும் என்று குதித்தார்.

அக்கா சம்பிரதாயத்துக்குக் கேபிளை மாற்றினாள். எல்லாக் கணினிகளையும் இணைக்கும் ரௌட்டரை அந்தக் கணினியிலிருந்து சோதனைக்குக் கூப்பிட்டாள். டாண் டாணென்று பதில் வந்தது. ரௌட்டரிலிருந்து கணினியைக் கூப்பிட்டாள், மூச்சுப் பேச்சில்லை. இது கேபிள் செய்கிற வேலையில்லையே என்று, கணினிக்குக் காவலிருக்கும் ஃபயர்வாலைத் திறந்தாள். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் தராதே என்று யாரோ மெனக்கெட்டு உத்தரவு போட்டு வைத்திருந்தார்கள்.

திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. திரையின் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கேமராப் படம் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறை, நாற்காலியில் ஒரு முதியவர், அவர் முன்னால் மூடி திறக்காத டிபன் பாக்ஸ்.

"திறந்துடாதீங்கக்கா. எங்கப்பா. போன வாரம் அடுப்பைப் பத்த வெச்சதையே மறந்துட்டாரு."

பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லையாம். மேஜையில் செல்போன் வைக்கக் கூடாதாம். முதலாளிக்கு எல்லாத் திரையும் தெரியும் என்பதே நேற்றுத்தான் யாரோ சொல்லித் தெரிந்ததாம். தெரிந்த கையோடு வெளியூரிலிருக்கும் தம்பியைக் கேட்டு அந்த வழியை அடைத்துவிட்டாள். வேலை நேரத்தில் இதைப் பார்த்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும் என்றாள்.

அக்காவுக்கும் இந்தக் கம்பெனிதான் பெரிய வாடிக்கை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடைப்பை அப்படியே விட்டுவிட்டு முதலாளி அறைக்குப் போனாள். கணினிக்குள்ளே ஒரு கார்டு போய்விட்டது, புதிது வர ஒரு வாரமாகும் என்று கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள்.

கத்துவார் என்று நினைத்தாள். அவரோ எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வாரமா? அதுவரைக்கும் அந்தப் பெரியவர் சாப்பிட்டாரா இல்லையான்னு நான் எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது?"