மெருகேற்றிய துப்பாக்கி

குடியாத்தத்தில் நந்தகோபாலுக்கு எட்டு விசைத்தறிகள் ஓடின. லுங்கி வியாபாரத்தில் நாலு காசு சேர்ந்ததும் பழைய துப்பாக்கிகள் மேல் பித்துப் பிடித்தது. மூன்று வாங்கினான். நாலாவது, ஒரு ஜமீன் வீட்டில் கிடைத்த கைத்துப்பாக்கி. இருநூறு வருஷத்துக்கு முந்தியது. அதற்காக 1979இல் ஐந்து தறிகளை விற்று முப்பதாயிரம் கொடுத்தான்.

"தறி சோறு போட்டுச்சு. இது இன்னா போடும்?" என்றாள் மனைவி சாவித்திரி.

"பொறுத்துப் பாரு. ரெண்டு மடங்காவும்."

அவன் கணக்கு தப்பவில்லை. வாணியம்பாடித் தோல் வியாபாரி மக்பூல் அகமதுவுக்கும் இதே பித்து. வந்து, குழல்மேல் பொறித்திருந்த, துப்பாக்கியைச் செய்தவன் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவர் மூச்சை இழுத்துவிட்டார்.

"அறுபதாயிரம் தர்றேன் முதலியாரே. லைசென்ஸ் காகிதம் முடிய ஒரு மாசம் ஆவும். அப்புறம் வந்து எடுத்துக்கறேன்."

அந்த ஒரு மாதம்தான் அவனைக் கெடுத்தது. கறுத்துப்போய்க் கிடக்கும்போதே அறுபது என்றால், பளிச்சென்று இருந்தால் எண்பது கேட்கலாமே! ஆம்பூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தான். இரண்டே நாளில் வெள்ளிப் பாத்திரம்போலத் திரும்பி வந்தது.

மாசம் முடிந்து வந்த மக்பூல் அகமது துணியைப் பிரித்து, துப்பாக்கியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு தேச்சது இத்த?"

"நான்தான் பாய் பாலிஷ் போட வெச்சேன்."

அவர் குழலைக் கட்டைவிரலால் தடவினார். பெயர் இருந்த இடம் வழவழவென்றிருந்தது.

"அந்தக் கறுப்புதான் இதோட வயசு. பேரும் போச்சு. இனிமே பழசுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

"ஒரு முப்பதாவது குடுங்க பாய்..."

"எனக்கு வேணாம், முதலியாரே." தேநீரைத் தொடாமலே எழுந்து போனார்.

அதன்பின் நந்தகோபால் நாலையும் தூக்கிக்கொண்டு மெட்ராஸில் கடைகடையாக ஏறினான். முதல் மூன்றும் புதிதாய்ச் செய்து பழசாக்கிய நகல்கள் என்று மூன்று கடைக்காரர்கள் ஒரே மாதிரி சொன்னார்கள். கடைசியில் சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விடும் ஒருவர் நாலுக்கும் சேர்த்து மூவாயிரம் கொடுத்தார். பளபளப்பான அந்த ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இதுதான் கேமராவுல எடுப்பா தெரியும்" என்று சிரித்தார்.

மிச்சத் தறிகளும் நூல் கடனுக்குப் போயின. சாவித்திரி செருப்புக் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தாள். அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பான். விடியலில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டு அவள் ஓடும்போதெல்லாம், தூங்குவதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.