நொட்டாங்கை திறந்த விசிறி

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து நாற்பத்தோரு பெட்டி இறக்கியாயிற்று. பத்து வயதில் மூட்டை சுமக்கத் தொடங்கிய முதுகு. மூட்டையென்றால் பொத்தென்று போட்டுவிட்டு நிமிரலாம். விசிறிப் பெட்டியைக் குனிந்தபடியே, மூச்சை அடக்கி, மேசையில் படிய வைக்கவேண்டும். கனமில்லாததுதான் ஆளைக் கொல்கிறது என்று நொட்டாங்கை நினைத்துக்கொண்டார். இடதுகைப் பழக்கத்தால் வந்த பெயர். சம்பளப் பட்டியலைத் தவிர எல்லா இடத்திலும் அதுதான்.

அருங்காட்சியகம் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. அதற்குமுன் ஒவ்வொரு விசிறியையும் படம் பிடித்து, பழைய ஏட்டில் உள்ளதைக் கணினியில் ஏற்றவேண்டும். அவர் எடுத்துத் தருவார். படக்காரி விளக்கடியில் வைத்துப் பிடிப்பாள்.

"அண்ணே, இதுல ஒரு குச்சி ஒடிஞ்சிருக்கு. ‘பதிவு எழுத்தரின் கவனக்குறைவு’ன்னு ஏட்டுல இருக்கு. அப்படியே ஏத்திடவா?"

நொட்டாங்கை எடுத்த பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அன்றைக்குக் கரண்ட் போயிருந்தது. ஏட்டில் வேர்வை சொட்டாமலிருக்க, கைக்குட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு எழுதினார் பதிவு எழுத்தராக இருந்த அக்கா. பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

"மகாராணிக்கு வீசட்டுமா?" என்று நொட்டாங்கை மேசையிலிருந்த விசிறியை எடுத்தார்.

"வீசுங்க தம்பி, சம்பளத்துல பிடிச்சுக்கறேன்."

வலக்கைக்கென்று மடித்த விசிறி. இவர் இடக்கையால் விரித்தார். மடிப்பு எதிர்த்தது, இழுத்தார், டிக். முதலில் இருவருக்கும் சிரிப்புதான் வந்தது. பிறகுதான் வாசலில் அதிகாரி நிற்பதைப் பார்த்தார்கள்.

"நான்தான் சார்," என்றார் அக்கா.

இவர் அப்போது தினக்கூலி. வீட்டில் பிறந்து ஒன்பது நாளான பெண். வாயைத் திறக்கவில்லை. மேல்பதவிப் பட்டியலில் அந்த வருஷம் அக்கா பெயர் இல்லை. அப்புறமும் வரவே இல்லை. அதைப்பற்றி ஒரு பேச்சுக் கிடையாது. கரண்ட் போகும்போது மட்டும், "தம்பி, வீசிடாதீங்க" என்பார். அறையே சிரிக்கும். அதே நாற்காலியிலிருந்து அக்கா ஓய்வு பெற்ற அன்று, இவர் இடுப்பு வலி என்று லீவு போட்டுவிட்டார்.

"அண்ணே?"

"அக்கா ஒடிக்கலம்மா. நான்தான்."

படக்காரி அவருடைய இடக்கையைப் பார்த்தாள். "ஏத்திட்டா மாத்த முடியாதுண்ணே. கூப்பிட்டுக் கேப்பாங்க. உங்களுக்கு இன்னும் எத்தனை மாசம்?"

"எட்டு."

"பென்ஷனை நிறுத்தி வச்சாங்கன்னா?"

"நீ ஏத்தும்மா."

அவள் தட்டி முடிக்கும்வரை நின்றார். பிறகு, பழகாத வலக்கையால், ஒவ்வொரு மடிப்பாக விசிறியை மூடி, பஞ்சுக்குள் படுக்கவைத்தார். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பதிவு சரியாகிவிட்டது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் அக்கா வீட்டு வாசலில் நின்று கேட்கவேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.