துணி துவைத்த பாறை

மலேசியாவின் செரம்பானில் மருத்துவமனைத் தாதியாக வேலை பார்க்கும் ரதிக்கு ஐம்பத்தொரு வயது. மகன் ஹேமநாதன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது தன் பிக்கப் வண்டியை வீட்டில் விட்டுப் போனான். சும்மா நின்றால் கெட்டுப்போகும் என்று ஓட்ட ஆரம்பித்தவள், ஒரே வருடத்தில் அவனுடைய காடு மேடு ஓட்டும் நான்கு சக்கர இயக்க வண்டிக் கழகத்திலும் சேர்ந்துவிட்டாள். சேற்றில் வண்டி வழுக்கும்போது வயிற்றில் வரும் குறுகுறுப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஆறு வண்டிகள் ரந்தா ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் போயின. அனுமதி வாங்கி, பாதை வகுத்தவன் கழகத் தலைவன் கெல்வின். இரண்டு மணி நேரம் சேற்றில் உழன்ற பிறகு, ஒரு திருப்பத்தில் பாசி படிந்த சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. ரதி சட்டென்று பிரேக்கை மிதித்தாள். வேறு வாசல் வழியாக வந்ததால் இதுவரை புரியவில்லை. அவள் பிறந்த தோட்டம் இது. செம்பனை நட, ரப்பர்ப் பால்மரங்களை வெட்டிய வருடம் குடும்பம் வெளியேறியது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

முன்னால் ஆறு குறுக்கிட்டது. பாலம் இல்லை. கெல்வின் இறங்கி, தண்ணீர் அமைதியாக இருந்த இடத்தைக் காட்டினான்.

"இங்க இறக்கிடலாம்."

"வேணாம் கெல்வின். அது ஆழம்லா. நாங்க குதிச்சுக் குளிச்ச இடம்."

"ஆண்ட்டி, நீங்க இங்க வந்திருக்கீங்களா?"

அவன் ஒரு கம்பை விட்டுப் பார்த்தான். கம்பு முழுதும் உள்ளே போய்விட்டது.

ரதி கரையோரமாகக் கொஞ்ச தூரம் மேலே நடந்தாள். தண்ணீர் சலசலத்து மெலிந்து ஓடிய இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். காலுக்கு அடியில் அகலமான பாறை. தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து துணி துவைத்த பாறை. அந்தப் பக்கக் கரை வரை நடந்து பார்த்தாள். தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. திரும்பி வந்து, தன் வண்டியை முதலில் இறக்கினாள். மற்ற ஐந்தும் பின்னால் வந்தன.

மறுகரையில் லயம் இருந்த அடையாளமே இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி செம்பனை வரிசை. ரதி திரும்பி ஆற்றைப் பார்த்தாள். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. எட்டு வயதில் பாறையிலிருந்து வாளித் தண்ணீர் சுமந்து வருவாள். நாற்பது காலடி எடுத்து வைத்ததும் வாளியை இறக்குவாள். மூன்றாவது முறை இறக்கினால் வீட்டு வாசல்.

பாறையிலிருந்து நேராக எட்டுகளை எண்ணிக்கொண்டே நடந்தாள். நூற்றிருபதில் நின்று, வாசலுக்குள் நுழைவது போல இன்னும் நாலு எட்டு வைத்தாள். இரண்டு மரங்களுக்கு நடுவே காய்ந்த மட்டைகள் குவிந்து கிடந்தன. அதன் மேல் உட்கார்ந்து, கெமாஸில் இருக்கும் அக்கா விமலாவைக் கைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, நான் எங்க இருக்கேன் தெரியுமா? நம்ம வீட்டு அடுப்படியில உக்காந்திருக்கேன்."

ரதி நடந்ததையெல்லாம் சொன்னாள். விமலா கேட்டாள்:

"எத்தனை எட்டு வெச்சே?"

"நூத்தி இருபது."

"அடி மக்கு, அப்ப உனக்கு எட்டு வயசு. இப்ப உன் கால் எவ்ளோ நீளம்? நீ நம்ம வீட்டைத் தாண்டிப் போயிட்டே. அது மயிலம்மா அத்தை வீடு!"

ரதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. தெரியாமல் அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்துவிட்டவள் போல எழுந்தாள்.

"சின்ன எட்டா வெச்சுப் பாரு. போனை வெச்சிராதே, நானும் வரேன்."

ரதி மறுபடி பாறைக்குப் போய்த் திரும்பினாள். குட்டி குட்டி எட்டுகளாக, போனைக் காதில் வைத்தபடி. விமலா அங்கிருந்து எண்ணினாள். முதல் நாற்பதில் எண்ணுவதை நிறுத்தி, "இங்கதான் நீ உன் வாளியையும் என்னைத் தூக்கச் சொல்லி அழுவே," என்றாள். நூற்றிருபது வந்ததும் ரதி சுற்றிலும் பார்த்தாள். பாதி நிழல், பாதி வெயில், கொஞ்சம் கோரைப்புல். அவ்வளவுதான் இருந்தது. ஆனாலும் ரதி வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

கெல்வின் கூடாரப் பையோடு வந்தான். "இன்னிக்கு இங்கேயே கேம்ப் ஆண்ட்டி. உங்க டெண்ட் எங்க போடட்டும்?"

ரதி போனில் கேட்டாள். "எங்க போடச் சொல்லட்டும், அக்கா?"

"வாசல்ல போடச் சொல்லு," என்றாள் விமலா. "உள்ள காத்தே வராது."