நூற்று முப்பத்தொன்றாம் எண்

...இல்லை, இதிலும் ஒன்றுமில்லை, நாற்பது தடவை பார்த்தாயிற்று, காலைப் பதிவில் உள்ள ஆளின் எண்ணும் மதியப் பதிவில் உள்ள எண்ணும் சமமென்றால் மதியம் நிறுத்த கொழுந்தைக் காலையில் நிறுத்ததோடு கூட்டு, எண் கிடைக்காவிட்டால் விட்டுவிடு, அவ்வளவுதானே எழுதியிருக்கிறாள், பிறகு ஏன் கொழுந்து பறிக்கும் ராக்காயிக்கு நாள் தவறாமல் அரைப் பேர், பாதி நாள் கூலி மட்டும், விழுகிறது? மடியில் மடிக்கணினியோடு லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஜீவராணிக்குக் கண் எரிந்தது. தோட்டத்துக்குக் கொழுந்துக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தவள் அவள்தான், அம்மா அதைக் கந்தப்பளை கடைத்தெரு வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள்... இன்னும் கொஞ்சத்தில் மதியச் சங்கு ஊதிவிடும், பெண்கள் மடுவத்துக் கொட்டகைக்குக் கொழுந்து நிறுக்க இறங்குவார்கள், ராக்காயியும் இறங்குவாள், அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அன்றைக்குக் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ரெண்டு தடவ நிறுத்தேங்க, மத்தியானம் நிறுத்தது எங்கங்க போச்சு?" என்று ராக்காயி அத்தனை பேர் முன்னால் கேட்டாள், கணக்கப்பிள்ளை யோகேஸ்வரன் சிரித்தார், "மெசினு பொய் சொல்லுமா? எழுதுன புள்ளயே நிக்குது, கேட்டுக்க" என்று இவள் பக்கம் கையைக் காட்டினார், இவளும் குடையைச் சாய்த்துக்கொண்டு, பெரிய மேதாவி போல, "எல்லாம் சரியாத்தான் இருக்கு அத்தை" என்றாள். "இன்னொரு தடவ இந்தப் பேச்சு வந்துச்சு, பேர வெட்டிருவேன்" என்றார் அவர். ராக்காயி சண்டை போடவில்லை. "நீயே சொல்லிட்டியே புள்ள" என்றாள். சண்டை போட்டிருக்கலாம், திட்டியிருக்கலாம்...

கூட வேலை செய்யும் சுமன் காலையில் போனில் சொன்னான், எழுதினதையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க அக்கா, கம்பைல் ஆகி மெசினுக்குப் போற கட்டளையத் தெறந்து பாருங்க என்று. நான்கு வருட வேலையில் அதைத் திறந்ததே இல்லை, எதற்குத் திறக்க வேண்டும், ஓடினால் போதாதா? திறந்தாள். துண்டு துண்டாகக் கட்டளைகள், எடு, வை, எடு, வை, இதுவா நான் எழுதியது? மெல்ல விரலை வைத்து இறங்கினாள்... ஒப்பிடும் இடத்தில் விரல் நின்றது. இரண்டு எண்களும் சமமா என்று கேட்கிற கட்டளை அங்கே இல்லை. எண்ணை ஒரு பெட்டிக்குள் போட்டு, இரண்டும் ஒரே பெட்டியா என்று கேட்கிறது மெசின்! அப்படியானால் அம்மாவும் கொழுந்து பறிக்கிறாளே, அவள் எண் தொண்ணூற்று நாலுக்கு மட்டும் எப்படிக் கணக்குச் சரியாக வந்தது? இணையத்தில் தேடினாள். நூற்று இருபத்தேழு வரைக்கும் அது பெட்டிகளைத் தயாராக வைத்திருந்து எப்போது கேட்டாலும் அதையே கொடுக்குமாம், அதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் புதுப் பெட்டி. உள்ளே அதே எண் இருந்தாலும் வேறு பெட்டி, ஆகவே வேறு ஆள், விட்டுவிடு. ராக்காயி நூற்று முப்பத்தொன்று. நூற்று இருபத்தெட்டிலிருந்து ஆறு பேர், மண் சரிந்த பிறகு கீழ்த் தோட்டத்திலிருந்து வந்து பதிவேட்டின் கடைசியில் சேர்ந்தவர்கள். மற்ற ஐந்து பேரும் வாய் திறக்காமல் அரைப் பேரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்... ஐயோ.

திருத்த ஒரு வரி போதும், இரண்டு நிமிடம். ஆனால் மூன்று மாதமாக மெசின் விட்டுவிட்ட மதிய எடையை எங்கே போய்த் தேடுவது, எதையும் சேமிக்கவில்லையே, அந்தக் கொழுந்தெல்லாம் தேயிலையாகிக் கப்பல் ஏறியிருக்கும். யோகேஸ்வரனிடம் சொன்னால்? இவள் தப்புக்காக அவர் மறுபடி பெரட்டைக் கூட்டி, ராக்காயி சொன்னது நிஜம் என்று எல்லார் காதிலும் விழச் சொல்வாரா?

சங்கு ஊதியது. அம்மா முதலில் இறங்கினாள், தூரத்திலிருந்தே சிரித்தாள். ராக்காயி கடைசியில், தலையில் மாட்டிய கூடையோடு, கண்ணைப் பாதையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். "அத்தை..." என்று எழுந்தாள் ஜீவராணி. "நிறுக்க நேரமாச்சு புள்ள" என்று சொல்லி ராக்காயி நிற்காமல் போனாள். கூடை நிறையக் கொழுந்து இருந்தது. அன்றைக்குக் களத்தில் அம்மா அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால்... அம்மா, தொண்ணூற்று நாலு, மத்தியானம் நிறுத்தது எங்க போச்சு என்று கேட்டிருந்தால், ஜீவராணி அன்றைக்கே இதைத் திறந்து பார்த்திருப்பாள்.