கடலுக்குக் கட்டிய ஈயம்

அண்ணனும் தம்பியும் பேசி ஒரு வாரமாகிறது. கடலில் முங்கிக் கப்பலின் அடிப்பாகம் சுரண்டும் வேலையை விட்டுவிட்டுக் கரையில் ஏதாவது பார்த்துக்கொள்கிறேன் என்று தம்பி சொன்னான். "உன் இஷ்டம், போடா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட அண்ணன், இன்னும் திருப்பியபடியேதான் இருக்கிறான். கூடப் பிறந்தவர்கள் வீம்பு அப்படித்தான். ஒரே வண்டியில் வந்தார்கள், ஒரே படகில் ஏறினார்கள், வாயை மட்டும் திறக்கவில்லை.

இன்றைக்குக் கடல் இல்லை, ஏரி. மதகுக் கதவைத் தூக்க முடியாமல் அடியில் ஏதோ சிக்கியிருந்தது. அண்ணன் கைப்பழக்கத்தில் தம்பியின் இடுப்பில் ஈயப் பட்டையைக் கட்டினான், தோள்வாரில் கயிற்றை முடிந்தான். ரப்பர் உடுப்பு ஆளை மேலே தூக்கும், ஈயம் கீழே இழுக்கும். இரண்டும் சரிக்குச் சரி நிற்க வேண்டும். அதற்காகவே, எங்கே இறங்கினாலும் முதலில் மூச்சை நிறைத்துச் சும்மா மிதந்து பார்ப்பார்கள். தண்ணீர் கண்மட்டத்தில் நின்றால் சரி. "நிக்குதாடா?" என்று அண்ணன் கேட்பான். "நிக்குதுண்ணே" என்று தம்பி சொல்வான். இன்றைக்கு யார் முதலில் வாயைத் திறப்பது? தம்பி நேரே முங்கிவிட்டான்.

வெயில் தாங்காமல் அண்ணன் ஒரு கை தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். உதட்டில் பட்டது. உப்பே இல்லை. அட பாவி, கடலுக்குக் கட்டும் ஈயத்தையல்லவா கட்டி அனுப்பியிருக்கிறான்! உப்புத் தண்ணீர் தூக்குகிற தூக்கு நல்ல தண்ணீருக்கு ஏது? கீழே வேறு இடுப்பளவு சேறு என்று காலையில்தான் சொன்னார்கள்.

"கயித்தப் புடிங்க!" என்று படகில் கூட வந்திருந்த மதகுக் காவலாளியிடம் கத்தினான்.

"என்னப்பா ஆச்சு?"

"ஈயம் ஜாஸ்தி. சேத்துல எறங்கிட்டான். இழுங்க!"

கயிறு அசையவில்லை. கேட்காது என்று தெரிந்தும் அண்ணன் தண்ணீரைப் பார்த்துக் கெஞ்சினான். "பட்டையை அவுத்துப் போடுடா, ராஜா. நீ எங்க வேணா போ, எந்த வேலை வேணா பாரு. மேல வந்துருடா." ஒரு வாரத்துப் பேச்சும் அழுகையோடு வந்தது.

சட்டென்று கயிறு லேசாகிவிட்டது.

"வந்துட்டான்!" என்றார் காவலாளி. பட்டையை அவிழ்த்திருந்தாலும் கயிறு லேசாகத்தான் வரும். முடிச்சு அவிழ்ந்து, ஆள் அங்கேயே தங்கிவிட்டாலும் லேசாகத்தான் வரும். ஈரக் கயிறு காலடியில் வளையம் வளையமாக விழுந்துகொண்டிருந்தது. படகுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குமிழி எழுந்து உடைந்தது. அடுத்தது எங்கே எழும் என்று பார்த்தபடி, அவன் இழுத்துக்கொண்டே இருந்தான்.