பூண்டு தொடாத கை

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். என் வீட்டுக்காரர் வேலுச்சாமி எதையுமே அளக்க மாட்டார். மகள் நதியா மதுரையில் பியூட்டிஷியன் கோர்ஸ் படிக்கிறேன், ஆறு மாதம், கட்டணம் அறுபதாயிரம் என்று வாயைத் திறந்ததுமே, "விதைப்பூண்ட வித்துருவோம் புள்ள" என்றுவிட்டார். எனக்கு வந்ததே கோபம்.

கொடைக்கானல் மலையில் எங்கள் கூக்கால் ஊரில் விதைப்பூண்டு அடுப்புக்கு மேலே பரணில் புகை குடித்துக்கொண்டு கிடக்கும். விலை எவ்வளவு ஏறினாலும் அதில் கைவைக்க மாட்டோம். அதை விற்றுவிட்டால் நடவுக்கு வெறும் மண்தான் மிஞ்சும். அப்புறம் அடுத்த வருடம் எதைத் தின்பது?

"மாசம் நாப்பதாயிரம் சம்பாதிக்கலாம்னு போட்டிருக்கும்மா" என்று நதியா போனைக் காட்டினாள்.

"போட்டவன் காசு வாங்குறவன்டி. சம்பாதிக்கிறவகிட்ட கேப்போம், வா."

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்தோம். கொடைக்கானலில் இறங்கி, நாயுடுபுரத்தில் போர்டு பார்த்து ஒரு பார்லருக்குள் நுழைந்தோம். கடைக்காரர் பெயர் மகாராணி. சும்மா போய்க் கேட்டால் யார் தன் வருமானத்தைச் சொல்வார்கள்? அதனால் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "எனக்குப் புருவம் எடுத்து விடுங்க" என்றேன். நதியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நூலின் முதல் இழுப்பிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரோடேயே, படித்து முடித்து வருகிறவளுக்கு என்ன சம்பளம் என்று கேட்டேன்.

"ஆரம்பத்துல ஏழாயிரம், எட்டாயிரம்க்கா. நாப்பதாயிரம்லாம் எனக்கே மே மாச சீசன்லதான். மழைக் காலத்துல இந்தச் சேர்ல பூனதான் உக்காந்திருக்கும்."

"அப்ப எதுக்குங்க அறுபதாயிரம் குடுத்துப் படிக்கணும்?"

"சர்ட்டிபிகேட் இல்லாதவள பெரிய ஓட்டல்ல சேக்க மாட்டாங்க. பேங்க்ல லோன் கேட்டாலும் அதத்தான் கேப்பாங்க. ஆனா கை இல்லாதவளுக்கு அது இருந்தும் புண்ணியமில்ல. பாப்பா, இந்தப் பக்கம் நீ எடு, பாப்போம்."

நதியா என் இன்னொரு புருவத்தை எடுத்தாள். வலிக்கவில்லை. பெற்ற பாசத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே வலிக்கவில்லை. பீன்ஸ் பறிக்கிற பெண்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்துப் பார்த்து எடுத்துப் பழகியிருக்கிறாள் கள்ளி, எனக்குத் தெரியாமல். மகாராணி என் இரண்டு புருவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பேஷியலுக்கு வந்திருந்த ஒரு வெளியூர் அம்மாவுக்கு க்ரீம் தடவச் சொன்னார்.

அங்கேதான் வந்தது வினை. அந்த அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு கண்ணைத் திறந்து, "என்ன இது, பூண்டு நாத்தம்?" என்றார்.

எனக்கும் தெரியவில்லை, நதியாவுக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பூண்டுப் பரணுக்குக் கீழே படுத்து எழுந்தவர்களுக்கு அந்த வாடை எப்படித் தெரியும்? முந்தின நாள் பூராவும் அவள் கூலிக்குப் பூண்டு பல் பிரித்துவிட்டு வந்தவள். குளித்துப் பவுடர் போட்டால் போதும் என்று நினைத்துக் கிளம்பிவிட்டோம். நதியா போய் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். அந்த அம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

என் பிள்ளை இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு மூலையில் நின்றாள். அந்த அம்மாவை நாலு கேள்வி கேட்க வாய் வரைக்கும் வந்தது. முகத்தைக் கொடுத்தவள் மூக்கை எங்கே கழற்றி வைப்பாள் என்று அடக்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது மகாராணி சொன்னார்: "கை நல்ல கைக்கா. வாடை போயிரும். ஆனா பூண்டையும் தொட்டுக்கிட்டு மூஞ்சியையும் தொட முடியாது. ரெண்டுல ஒண்ணுதான்."

பஸ்ஸில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். கட்டணம், விடுதி, போக்குவரத்து எல்லாம் கணக்குப் போட்டிருந்தோம். நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் நதியாவுக்குப் பதில் ஆள் வைக்கிற கூலியை யாரும் போடவில்லை. வீட்டுப் பிள்ளை வேலைக்கு எந்த வீட்டில் கணக்கு வைக்கிறார்கள்?

"வேணாம்மா" என்றாள் நதியா, ஜன்னலைப் பார்த்தபடி. "ஏழாயிரத்துல ரூம் வாடகை, சாப்பாடு போக என்ன நிக்கும்? போட்ட காச எடுக்கவே நாலு வருசம் ஆயிரும். விதைய விக்க வேணாம்."

அழுதிருந்தால் திட்டியிருப்பேன். கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டாள்.

"நாலு வருசத்துக்கு அப்பறம்?"

ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்பறம் நானே கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப் போடப் போவேன். பூம்பாறை, மன்னவனூர், நம்ம ஊரு, எல்லாத்துக்கும் வத்தலக்குண்டுல இருந்துதான கார் வச்சு ஆளு வருது? பொண்ணுக்கு எட்டாயிரம், காருக்குத் தனியா மூவாயிரம். நான் உள்ளூருல இருந்தா அந்தக் கார் காசு அவங்களுக்கு மிச்சம். என்னையத்தான கூப்புடுவாங்க?"

வேண்டாம் என்று சொன்னவள் கல்யாணம் வரைக்கும் எண்ணி வைத்திருக்கிறாள். பூம்பாறை தாண்டும் வரை நான் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம், "பாதி விதைய விப்போம். மீதிப் பணத்துக்குக் கூட்டுறவு சங்கத்துல கடன் கேப்போம். பாதி நெலம் நட்டாப் போதும்" என்றேன்.

"நேத்து அந்தக் குதி குதிச்ச?"

"நேத்து அளக்கல. இன்னைக்கு அளந்துட்டேன்."

"அது சரி, புருவம் எங்க புள்ள?"

"அதுவும் செலவுலதான்."

கோர்ஸ் தொடங்க ஒரு மாதம் இருந்தது. அதுவரை நதியா பூண்டு வாடையே படாமல் மகாராணி கடையிலேயே தங்கி, கூட்டிப் பெருக்கி, துண்டு துவைத்துப் போட்டாள். மதுரைக்குப் போவதற்கு முதல்நாள் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குத்தான் மிச்ச விதையை வாசலில் கொட்டிப் பல் பிரித்துக்கொண்டிருந்தேன். வருடா வருடம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பிரிப்போம். பையை வைத்ததும் பழக்கத்தில் உட்கார்ந்து ஒரு பூண்டை எடுக்கப் போனாள். புறங்கையில் ஓங்கி ஒன்று போட்டேன்.

"எடுடி கைய."

"நீ ஒத்தையில எப்படிம்மா இம்புட்டையும்..."

"அது என் சோலி. நீ இதத் தொட்ட, கொன்னுருவேன்."

அவள் எழுந்து போகவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, என் உள்ளங்கையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"நாறுதாடி?"

அவள் குனிந்து மோந்து பார்த்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"நாறுதும்மா."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது. "அப்பச் சரி, போய்த் துணிய எடுத்து வையி" என்று சொல்லிவிட்டு அடுத்த பூண்டை எடுத்தேன்.